கல்லுக்கு அடியில் கை வைத்தேன், சுணை ஏறிவிட்டது: இந்தப் புழுவின் பேர் என்ன?

பாம்பன்_காற்று

எல்லாருக்கும் வணக்கம். அமாவாசை அன்று விடியற்காலை பாம்பன் பக்கம் கரையோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். ஈயக்கட்டி ஒரு கல்லுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. முழங்கால் அளவு தண்ணீர்தான், சரி என்று கையை விட்டுத் துழாவினேன். பஞ்சு மாதிரி ஏதோ பட்டது, அவ்வளவுதான். அடுத்த நொடி நடுவிரலும் மோதிரவிரலும் நெருப்பில் வைத்தது போல எரிந்தது. கையை எடுத்துப் பார்த்தால் கண்ணாடி இழை மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக, நூற்றுக்கணக்கில் குத்தி நிற்கிறது. அம்மா பிளாஸ்திரி நாடாவை ஒட்டி ஒட்டி இழுத்து எடுத்தார். இரண்டு நாள் ஆயிற்று, எரிச்சல் போய் இப்போது மரத்துப்போன மாதிரி இருக்கிறது.

கல்லைப் புரட்டிப் படம் எடுத்தேன். மூன்று படம் கீழே. இரண்டு கலங்கல், மன்னிக்கவும், கை நடுங்கியது. நீளம் என் ஆள்காட்டி விரலைவிட ஒன்றரை மடங்கு. தட்டையான உடம்பு, வெளிறிய ரோஜா நிறம். இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளைக் குச்சம், ஒவ்வொரு குச்சத்தின் அடியிலும் சிவப்பாகச் சின்னப் புதர் மாதிரி ஒன்று. குச்சியால் தொட்டால் குச்சமெல்லாம் விசிறி போல விரிகிறது.

கூகுள் லென்ஸ் "ஹெர்மோடிசி கரன்குலேட்டா" என்கிறது. இணையத்தில் வரைபடம் பார்த்தால் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு புள்ளிதான் இருக்கிறது. அப்படியானால் இது இங்கே அபூர்வமா? புதிதாக வந்ததா? யாராவது சொல்லுங்கள்.

தொட்டிக்காரன்

தம்பி, முதலில் கை எப்படி இருக்கிறது? மூச்சுத் திணறல், முகம் வீங்குவது மாதிரி எதுவும் இருந்தால் இங்கே உட்கார்ந்து பேர் தேடாமல் டாக்டரிடம் போங்கள். நாடா ஒட்டி எடுத்தது சரி. தேய்த்திருந்தால் அந்த இழைகள் உள்ளேயே ஒடிந்துபோயிருக்கும்.

இது நெருப்புப் புழு குடும்பம், ஆம்பினோமிடே. உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள். லைவ் ராக், அதாவது உயிரிகள் ஒட்டியிருக்கிற கடல் கல், வாங்கினால் இலவச இணைப்பாக வரும். என் தொட்டியிலும் இருக்கிறது, இரவில் டார்ச் அடித்தால் மீந்துபோன இறாலைத் தின்றுகொண்டிருக்கும். லென்ஸ் சொன்ன பேர் மட்டும் சரியில்லை என்று நினைக்கிறேன், ஹெர்மோடிசி அட்லாண்டிக்கும் மத்தியதரைக் கடலும் சேர்ந்த பக்கத்துப் புழு. உங்களுடையது யூரிதோயி காம்ப்ளனேட்டா. உலகம் முழுக்க வெப்பக் கடலில் இருக்கிற சாதாரணப் புழு, அபூர்வம் எல்லாம் இல்லை.

வெட்டிப்பேச்சு

புழுவுக்கு இவ்வளவு நீளப் பேரா. கடல் கம்பளிப்பூச்சி என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

சுணைமயிர்

@வெட்டிப்பேச்சு நல்ல பேர்தான், நான் திருடிக்கொள்கிறேன்.

@பாம்பன்_காற்று பாலிகீட் என்கிற சுணை உள்ள கடல் புழுக்களோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். மூன்றாவது படம்தான் உதவுகிறது. அதில் தலைப் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகின் நடுவில் சின்னதாகச் சதை மேடு ஒன்று தெரியும், அதைக் கேரங்கிள் என்போம். ஹெர்மோடிசியில் அது பெரிதாக, இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக, கொசுவிய துணி மாதிரி இருக்கும். உங்கள் புழுவில் ஒடுங்கி, வழவழப்பாக, மூன்று நான்கு கண்டத்தோடு (உடம்பின் வளையத்தைக் கண்டம் என்போம்) முடிந்துவிடுகிறது. அதனால் லென்ஸ் அவுட். உடம்பு நீண்டு, இரண்டு ஓரமும் இணையாகப் போகிறது. நடுவில் பருத்து முனை இரண்டும் குறுகிக் குட்டையாக இருந்திருந்தால் க்ளோயியா என்று யோசித்திருப்பேன், அதன் செவுள் வேறு இறகு மாதிரி இருக்கும். இங்கே செவுள் புதர் மாதிரி. நீங்கள் சொன்ன அந்தச் "சிவப்புப் புதர்"தான் செவுள். யூரிதோயி பேரினம் என்பது வரைக்கும் தைரியமாக வருவேன்.

அதற்கு மேல் வரமாட்டேன். "காம்ப்ளனேட்டா" என்று தொட்டிக்காரன் அண்ணன் சட்டென்று சொல்லிவிட்டார். அது அவ்வளவு லேசு இல்லை. இரவு வந்து எழுதுகிறேன்.

ஒரு கேள்வி: பாம்பன் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? வடகடலா தென்கடலா?

பாம்பன்_காற்று

நன்றி அக்கா. தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். தீவு எதிலும் இறங்கவில்லை, ஊர்க் கரைதான். கை பரவாயில்லை அண்ணா.

ஏன் கேட்கிறீர்கள்? ராமேஸ்வரம் என்று போட்டால் போதாதா?

சுணைமயிர்

போதாது. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உங்கள் ஊர்க்காரர்களே ஒன்றைப் பெண் கடல், இன்னொன்றை ஆண் கடல் என்று பிரித்துத்தானே பேசுகிறார்கள். அடித்தரை வேறு, கலங்கல் வேறு, அலை வேறு. "ராமேஸ்வரம்" என்று மட்டும் எழுதிய பதிவு ஐம்பது வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவனுக்கு இரண்டு கடலில் எது என்று சொல்லாது. அருங்காட்சியகப் பாட்டில்களில் "மெட்ராஸ் கரை" என்று மட்டும் எழுதின சீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, காம்ப்ளனேட்டா கதை.

பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் 1766-ல் இந்தப் பேரை வைத்தார். அவர் கையில் இருந்தது கரீபியன் பக்கத்துப் புழு. பிறகு யார் எந்த வெப்பக் கடலில் இதே சாயலில் புழு எடுத்தாலும் ஒன்று புதுப் பேர் வைத்தார்கள், இல்லையென்றால் இதே பேரை ஒட்டினார்கள். கின்பர்க் 1857-ல் மட்டும் பசிபிகா, கேப்பென்சிஸ், ஹவாய் மன்னர் பேரில் கமேஹமேஹா என்று வரிசையாக வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் "எல்லாம் ஒன்றுதானே" என்று அவற்றைக் கூட்டிக் காம்ப்ளனேட்டாவுக்குள் போட்டு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அது "உலகம் முழுக்க இருக்கும் புழு".

2010-ல் பரோசோவும் கூட்டாளிகளும் அட்லாண்டிக், பசிபிக் மாதிரிகளை மரபணு வழியாகப் பார்த்தார்கள். ஒரே பேரில் குறைந்தது மூன்று இனம் இருந்தது, அட்லாண்டிக்கில் இரண்டு, பசிபிக்கில் ஒன்று. வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட அச்சு. பல்லாஸ் பேர் அட்லாண்டிக்குக்காரனுக்குச் சொந்தம். அப்புறம் மன்னார் வளைகுடாக் கல்லுக்கு அடியில் இருக்கிறவன் யார்? அதனால்தான் நான் "யூரிதோயி சி.எஃப். காம்ப்ளனேட்டா" என்று எழுதுவேன். அந்த சி.எஃப். என்ற இரண்டு எழுத்துக்கு "அதைப் போல இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்" என்று அர்த்தம்.

பழைய_லேப்

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். நாங்கள் படித்தது பாவெல் எழுதிய தடிமனான நூல், 1953-ல் வந்தது, இந்தியா, பாகிஸ்தான், சிலோன், பர்மா, மலேயா எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதில் இருக்கிற கீயை, அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேரைக் கண்டுபிடிக்கிற பட்டியலை, வைத்து வரிசையாக இறங்கினால் இந்தப் புழு காம்ப்ளனேட்டாவில்தான் வந்து நிற்கும். எத்தனை மாணவர்கள் அந்தக் கீயை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார்கள்! அதெல்லாம் தப்பு என்று இரண்டு எழுத்துப் போட்டு அழித்துவிட முடியுமா, அம்மணி? எதற்கெடுத்தாலும் டிஎன்ஏ, டிஎன்ஏ. கரைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு பேர் வேண்டாமா?

சுணைமயிர்

சார், அந்த நூல் என் மேசையிலும் இருக்கிறது, அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன். அது இல்லாமல் நான் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. ஆனால் பாவெல் பிரான்சில் ஆன்ஜே ஊரில் இருந்துகொண்டு கல்கத்தாவிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் புட்டியில் வந்த புழுக்களைப் பார்த்தவர். ஐரோப்பியப் புழுக்களை உள்ளங்கை ரேகை போலத் தெரிந்தவர். கொஞ்சம் வேறுபட்டாலும் "வேறுபாடுதான், இனம் ஒன்றே" என்று சேர்த்துவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது, அந்தக் காலத்தில் எல்லாருக்குமே இருந்தது. கீயின் பிரச்சினை என்னவென்றால் அதில் இல்லாத இனத்துக்கு அதில் வாசல் கிடையாது. எந்தப் புழுவைக் கொடுத்தாலும் இருக்கிற கதவுகளில் ஒன்றின் வழியாகத் தள்ளி விட்டுவிடும்.

உங்களுக்கே தெரிந்த உதாரணம் சொல்கிறேன். மார்பைசா சாங்குனியா. மான்டேகு இங்கிலாந்தில் டெவன் கரையில் எடுத்துப் பேர் வைத்த புழு. அதை ஆஸ்திரேலியா, ஜப்பான், இந்தியா என்று எல்லா ஊர்ப் பட்டியலிலும் எழுதிவைத்திருந்தோம். 2003-ல் பழைய டெவன் புழுவை ஒழுங்காகத் திரும்ப வர்ணித்தபோது, ஆஸ்திரேலியாவில் அந்தப் பேரில் ஓடிக்கொண்டிருந்தது வேறு இனம் என்று தெரிந்து மார்பைசா முல்லாவா என்று புதுப் பேர் வந்தது. 2020-ல் நம் பக்கமே மார்பைசா மெட்ராசி என்று ஒரு இனம் வர்ணித்தார்கள். சேற்றில் தோண்டி எடுத்து இறால் பண்ணைக்குத் தீனியாக விற்கிற புழு சார்! கிலோக் கணக்கில் விற்பனையாகிற புழுவுக்கே 2020 வரைக்கும் சொந்தப் பேர் கிடையாது.

பழைய_லேப்

மெட்ராசி விஷயம் எனக்குத் தெரியாது. படிக்கிறேன். ஆனால் எல்லாப் பழைய இனத்தையும் உடைத்தால் புத்திசாலி ஆகிவிடலாம் என்ற மோகமும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

சுணைமயிர்

ஒப்புக்கொள்கிறேன். அதற்கு லென்ஸ் சொன்ன அந்த ஹெர்மோடிசியே சாட்சி. 2011-ல் உருவத்தைப் பார்த்து, மத்தியதரைக் கடல் பக்கம் இருப்பது தனி இனம் என்று பிரித்தார்கள். 2013-ல் மரபணுவைப் பார்த்தால் அட்லாண்டிக் முழுக்க, ஒட்டின கடல்களும் சேர்த்து, ஒரே இனம்தான். உண்மையிலேயே கடலைத் தாண்டிப் பரவுகிற ஆள். ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்துப் பேரினம், ஒன்று உடைந்தது, இன்னொன்று ஒட்டியது. பார்க்காமல் சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி.

பரவ முடியாதது ஒன்றும் இல்லை. இந்தக் குடும்பத்துக் குஞ்சுக்கு ரோஸ்ட்ரேரியா என்று பேர், இரண்டு நீளமான கொம்பை நீட்டிக்கொண்டு மிதவையாக நாள்கணக்கில் கடலில் திரியும். யூரிதோயிக்கு இன்னொரு வித்தையும் உண்டு. துண்டு துண்டாக உடைந்து ஒவ்வொரு துண்டும் தலையும் வாலும் முளைத்துத் தனிப் புழுவாகிவிடும்.

தொட்டிக்காரன்

அதுதான் என் தொட்டியில் நடக்கிறது! ஒன்றை இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்கும்போது அறுந்துவிட்டது, சரி செத்தது என்று விட்டேன். இப்போது கும்பலாக இருக்கிறது. அக்கா, என் தொட்டிப் புழுவைப் படம் எடுத்து "சென்னை" என்று பதிவு போட்டால் உபயோகமா?

சுணைமயிர்

தயவுசெய்து வேண்டாம் அண்ணா! அந்த லைவ் ராக் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று விற்றவருக்கே தெரியாது. உங்கள் வீட்டு ஹாலில் ஒரு புள்ளி விழுந்து, அதை யாரோ மொத்தமாக இறக்கி வரைபடம் போட்டு, சென்னைக் கரையில் இது உண்டு என்று எழுதிவிடுவார்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் "வளர்க்கப்படுவது" என்று குறித்துப் போடுங்கள், ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. வேண்டாதது பெருகினால் கடலில் மட்டும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

மன்னார்_அக்கரை

வணக்கம். நான் இக்கரையில் இருந்து எழுதுகிறேன், உங்களுக்கு அது அக்கரை. எங்கட பக்கமும் கல்லுக்கு அடியில் இதே மாதிரிப் புழு உண்டு, சங்கு பொறுக்குகிற ஆட்கள் திட்டிக்கொண்டே கதைப்பார்கள். அது உங்கட புழுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வரைபடத்தில் எங்கட கரையில் புள்ளி குறைவு. ஆட்கள் பார்க்கவில்லை, அதனால் புள்ளி இல்லை. பாம்பன் தம்பி கேட்ட "அபூர்வமா" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஹெர்ட்மன் 1902-ல் சிலோன் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய வந்தபோது சேகரித்த பாலிகீட் புழுக்களை, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருந்த வில்லி 1905-ல் எழுதினார். நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் முத்துக்காக எண்ணின அளவுக்குக்கூட இப்போது எண்ணுகிறோமா தெரியவில்லை.

சுணைமயிர்

மிகச் சரி. உங்கள் பக்கம் வில்லி என்றால் எங்கள் பக்கம் 1927-ல் மெட்ராஸ் அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பட்டியல் போட்டது, கிரேவ்லி தலைமையில். பாம்பனிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தீவு. அதே 1927-ல் பிந்த்ரா என்பவர் கராச்சிக் கரையின் யூரிதோயிகளை மட்டுமே எடுத்துக்கொண்டு லாகூரிலிருந்து ஒரு ஆய்வு வெளியிட்டார். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஒரு பேரினத்துக்கு உட்கார்ந்து நேரம் ஒதுக்கின ஆள் இருந்திருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம்.

தம்பி, வரைபடத்துப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஜிபிஃப், ஓபிஸ் மாதிரி உயிரினப் பதிவுகளைத் திரட்டும் தளங்களில் காம்ப்ளனேட்டா என்று தட்டினால் பூமிக்கு ஒட்டியாணம் போட்ட மாதிரி வெப்ப மண்டலம் முழுக்கப் புள்ளி வரும். அது அந்தப் பேர் எழுதப்பட்ட இடங்களின் வரைபடம். புழுவின் வரைபடம் வேறு, அதை இன்னும் யாரும் வரையவில்லை. இன்னொரு வேடிக்கை, 2008-ல் ஜப்பான் வேதியியலாளர்கள் இந்த வகைப் புழுவிலிருந்து வீக்கம் உண்டாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புழுவின் பேர் காம்ப்ளனேட்டா என்று போட்டிருந்ததால் பொருளுக்குக் காம்ப்ளனைன் என்று பேர். புழு பேர் மாறினாலும் அந்த ரசாயனம் பழைய பேரையே சுமந்துகொண்டு திரியும்.

முத்துக்குளி_தூத்துக்குடி

டைவிங் போகிறவன். பவளப் பாரில் இதைப் பார்ப்பேன், பகலில் அநேகமாகக் கல் இடுக்கில்தான், செத்த பவளத்தைப் புரட்டினால். கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த கல் என்று வீட்டுக்கு எடுத்துப்போனாலும் வழக்குத்தான். இந்த இழையைப் படித்துவிட்டு ஆர்வத்தில் யாராவது கல்லோடு வீட்டுக்கு வந்துவிடப் போகிறீர்கள்.

கரையில் கல்லைப் புரட்டினாலும் திரும்ப அதே மாதிரி வையுங்கள். அடிப்பக்கம் ஒட்டியிருக்கிற கடற்பஞ்சு, முட்டை எல்லாம் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது.

பாம்பன்_காற்று

சரி அண்ணா, கல்லை அப்படியே திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்கா, அப்படியானால் நான் என்ன செய்யலாம்? படம் மட்டும் போதுமா, புழுவை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு அனுப்ப வேண்டுமா?

சுணைமயிர்

எடுக்காதீர்கள். சேகரிப்பது அனுமதியோடு நாங்கள் செய்யவேண்டிய வேலை. உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது படமும் இடமும் நாளும்.

படம் என்றால் இப்படி. ஒரு வெள்ளைத் தட்டில், பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடி போதும், கடல் தண்ணீர் ஊற்றி, இரண்டு குச்சியால் புழுவைத் தள்ளி விடுங்கள். மேலிருந்து முழு உடம்பு ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோலோ ரூபாய் நாணயமோ வைத்து. தலைப் பக்கம் நெருக்கமாக இரண்டு, கேரங்கிள் தெரிகிற மாதிரி. ஓரமாக ஒன்று, செவுள் எந்தக் கண்டத்திலிருந்து தொடங்குகிறது என்று எண்ணுகிற மாதிரி. யூரிதோயியில் அது இரண்டாவது கண்டத்தில் தொடங்கவேண்டும். படம் எடுத்ததும் அதே கல்லுக்கு அடியில் விட்டுவிடுங்கள். அப்புறம் கல் இருந்த இடத்துக்கு ஜிபிஎஸ், தண்ணீர் ஆழம், அடியில் மணலா சேறா.

இதெல்லாம் செய்தாலும் இனம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சுணையை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். முதுகுப் பக்கத்துக் குச்சத்தில் சில சுணைகளின் நுனியில் ஒரு பக்கமாக ரம்பப் பல், பல் எல்லாம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், எறிஈட்டி மாதிரி. உங்கள் விரலில் ஏறினது இறங்காமல் நின்றதற்கு அதுதான் காரணம். வயிற்றுப் பக்கத்துச் சுணை கவட்டை மாதிரி, ஒரு கிளை நீளம், ஒரு கிளை குட்டை. 2010 ஆய்வில் அட்லாண்டிக்கில் கண்ட இரண்டில், தீவுகளில் இருக்கிற இனத்துக்கு ஈட்டிச் சுணையே இல்லை, அதை வைத்துத்தான் அதைத் தனியாக அடையாளம் காண முடிந்தது. மற்ற இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியவில்லை.

பழைய_லேப்

சுணை பற்றி நான் ஒன்று சொல்லலாமா. இந்தக் குடும்பத்தின் சுணையில் சுண்ணாம்பு இருக்கிறது, கால்சியம் கார்பனேட். அதனால்தான் கண்ணாடி போல ஒடிகிறது. நாங்கள் அந்தக் காலத்தில் கடையில் வாங்கின ஃபார்மலினில் அப்படியே போட்டுவைப்போம். ஃபார்மலின் நாளாக நாளாகப் புளிக்கும், அமிலமாகும். சுண்ணாம்பு கரைந்துவிடும். பத்து வருடம் கழித்து ஒரு புட்டியைத் திறந்து சுணையை ஸ்லைடில் வைத்தேன், ஈட்டியும் இல்லை, பல்லும் இல்லை, நைந்துபோன நூல் மாதிரி கிடந்தது. நான் வேலை பார்த்த கல்லூரியில் அந்த அலமாரியே அப்படித்தான். பாதிப் புட்டியில் சீட்டு மை கரைந்துபோயிற்று, மீதியில் ஆவியாகிப் புழு கருவாடாயிற்று. எத்தனை முறை கேட்டும், ஃபார்மலின் புளிக்காமல் தடுக்கிற போரக்ஸ் வாங்கக் காசு ஒதுக்கவில்லை. ஒரு டப்பா போரக்ஸ்!

ஆக, அம்மணி சொல்வது போல ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றாலும் ஒப்பிட என் அலமாரியில் ஒன்றும் மிஞ்சவில்லை. என் மாணவர்கள் "காம்ப்ளனேட்டா" என்று எழுதினது சரியா தப்பா என்று பார்க்க இனி வழி இல்லை. நேற்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுணைமயிர்

சார், இதை நீங்கள் இங்கே எழுதினதற்கு நன்றி. எங்கள் லேபில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை அப்படியே காட்டப்போகிறேன்.

நாங்கள் இப்போது செய்வது: புழுவை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் போட்டு மயக்குவோம், இல்லாவிட்டால் சுருண்டு, சுணையை விறைத்துக்கொண்டு, கேரங்கிளை மறைத்துக்கொள்ளும். வால் பக்கம் ஒரு துண்டை வெட்டி அடர் எத்தனாலில், அது டிஎன்ஏவுக்கு. மீதி உடம்பு போரக்ஸ் போட்ட ஃபார்மலினில் கொஞ்ச நாள், அப்புறம் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவோம். ஃபார்மலின் பட்ட சதையில் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு, அதனால் வெட்டுவது முதலில். இரண்டு புட்டிக்கும் ஒரே எண். பென்சிலால் எழுதின சீட்டு உள்ளே, மேலே ஒட்டுவதை நம்பக்கூடாது.

வெட்டிப்பேச்சு

கேலி பண்ணலாம் என்று வந்தேன், இப்போது தூங்காமல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். பேர் தெரியாமல் பதிவு போட்டு என்ன பயன்? "ஏதோ ஒரு புழு, பாம்பனில்" என்று யாருக்கு உதவும்?

சுணைமயிர்

பேர் தப்பாக இருந்து படம் இருந்தால் பிறகு திருத்தலாம். பேர் சரியோ தப்போ, படமும் இல்லை, புட்டியும் இல்லை என்றால் அதைத் திருத்தவே முடியாது. பழைய_லேப் சாரின் அலமாரி அதுதான். இந்தியப் பெருங்கடல் யூரிதோயியை யாராவது உட்கார்ந்து பிரித்துப் பேர் வைக்கிற நாளில், தம்பியின் படத்தில் கேரங்கிளும் செவுளும் தெளிவாக இருந்து, தென்கடல் என்று எழுதியிருந்தால், அது கணக்கில் வரும்.

பாம்பன்_காற்று

ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், கச்சான் காற்று பலமாக இருந்தது, தண்ணீர் கலங்கல்.

பௌர்ணமி வற்றத்தில் போனேன். தென்கடல் பக்கம் எட்டுக் கல் புரட்டினேன், மூன்றில் இருந்தது, ஒரு கல்லில் மட்டும் இரண்டு. ஐஸ்கிரீம் மூடியில் விட்டு எடுத்த படங்கள் கீழே. செவுள் எண்ணினேன், இரண்டாவதில்தான் தொடங்குகிறது. மறுநாள் வடகடல் பக்கம் போய் அதே எட்டுக் கல். ஒன்றும் இல்லை, நண்டுதான். அதனால் அதைப் பதிவு போடவில்லை.

சுணைமயிர்

இரண்டாவது படத்தின் தலையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நாலு கண்ணும் தெரிகிறது!

அந்த வடகடல் எட்டுக் கல்லையும் எழுதுங்கள். நாள், நேரம், இடம், எட்டுக் கல் புரட்டினேன், இல்லை. எட்டுக் கல்லை வைத்து வடகடலில் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை, ஆனால் தேடினோம், கிடைக்கவில்லை என்பதற்கும் தேடவே இல்லை என்பதற்கும் வித்தியாசம் வரைபடத்தில் தெரியாது. மன்னார்_அக்கரை சொன்னது அதைத்தான்.

மன்னார்_அக்கரை

நானும் எட்டுக் கல் புரட்டுகிறேன். ஐஸ்கிரீம் மூடி வாங்க முதலில் ஐஸ்கிரீம் சாப்பிட வேணும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

பாம்பன்_காற்று

வடகடலையும் எழுதிவிட்டேன். பேர் இடத்தில் "யூரிதோயி" மட்டும் போட்டிருக்கிறேன், அதற்கு மேல் போகவில்லை.

நேற்று அம்மாவிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். அவர் முன்பு பாசி எடுக்கப் போவார், விரல் ஒவ்வொன்றுக்கும் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு. பாறை கீறாமல் இருக்க என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "இவனுக்காகவும்தான்டா" என்கிறார். மணலில் சப்பென்று உட்கார்ந்திருக்கிற கல்லில் இருக்காதாம், அடியில் விரல் நுழைகிற அளவு சந்து இருக்கிற கல்லில்தான் இருக்குமாம். நான் புரட்டின கற்களை யோசித்துப் பார்த்தால் கிடைத்த மூன்றும் அப்படித்தான் இருந்த மாதிரி ஞாபகம், ஆனால் அப்போது குறிக்கவில்லை.

சுணைமயிர்

ஞாபகத்தை விடுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு கல்லுக்கும் சந்து உண்டா இல்லையா என்று புரட்டுவதற்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள், புரட்டின பிறகு எழுதினால் கண் ஏமாற்றும். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள். எந்தக் கல்லில் இருக்கும் என்று அவர் முதலில் சொல்லட்டும், நீங்கள் குறித்துக்கொண்டு அப்புறம் புரட்டுங்கள்.

பாம்பன்_காற்று

கேட்டேன். வருகிறாராம். இந்தப் புழுவுக்கா இத்தனை பேர் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று சிரிக்கிறார். விரலுக்குச் சுற்ற என் பழைய பனியனைக் கிழித்து எடுத்து வைத்துவிட்டார். அடுத்த அமாவாசைக்குப் போய்விட்டு வந்து போடுகிறேன்.